அடியை எழுதப் பழகுவோம்

'இசையின் சிறப்பு.' கல்லூரிக் கட்டுரை வகுப்புல தப்பாம வந்து நிற்கிற தலைப்பு இது. பகுதி 1 தமிழ் நடத்துறவங்க எல்லாருக்கும் பழக்கமான தலைப்பு. அறுபது பேர் எழுதினா அறுபது தாளும் ஒண்ணு போல இருக்கும். இசைக்கு மயங்காத உயிரில்லை என்று தொடங்கும். வீணை வரும், புல்லாங்குழல் வரும், மும்மூர்த்திகள் வருவாங்க. இசை கேட்டால் பசு பால் அதிகம் கறக்கும், பயிர் செழிக்கும், நோய் தீரும். கடைசியில் 'இத்தகைய இசையைப் போற்றுவோம்' என்று முடியும். இந்த அறுபது பேரும் பிறந்த நாளிலிருந்து எதையாவது கேட்டுக்கிட்டேதான் இருந்திருக்காங்க. கோயில் கொடையில கேட்டிருக்காங்க, எழவு வீட்டில கேட்டிருக்காங்க, டவுன் பஸ்ஸில கேட்டிருக்காங்க, தேவாலயத்தில பாடியிருக்காங்க. கேட்டதில ஒரு சத்தம்கூட தாளுக்குள்ள வராது. காதை வகுப்புக்கு வெளியே செருப்பு மாதிரி கழட்டி விட்டுட்டு உள்ளே வர்ற பிள்ளைகளை நாம உருவாக்கி வச்சிருக்கோம்.

இது ஏதோ கட்டுரைப் பயிற்சி சம்பந்தப்பட்ட சின்ன விசயம், ஒரு தலித் பத்திரிகையின் தலையங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். வேலை இருக்கு. ஒரு பிள்ளைக்கு எது தெரியும், எது தெரியாது என்று தீர்மானிக்கிற இடம் இந்தத் தாள். வீட்டுச் சுவரில் பறை தொங்குகிற பிள்ளைக்கு இசை பற்றி எதுவும் தெரியாது என்று இந்தத் தாள் சொல்லுது. அதைவிட மோசம், அந்தப் பிள்ளையும் அதை நம்பிவிடுது. 'எனக்கு இசை பத்தி ஒண்ணும் தெரியாதுங்க சார்' என்று சொல்கிற மாணவரை ஒவ்வொரு வருசமும் பார்க்கிறேன். விசாரித்தால் அவருடைய தாத்தா மூணு தலைமுறை ஆட்டக்காரரா இருப்பார். அவரே பத்து வயசில தோலைத் தீயில காட்டிக் கொடுத்திருப்பார். அதெல்லாம் இசை அறிவுக் கணக்கில் சேராது என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

சொற்கள்தான் சொல்லிக் கொடுத்தது. நம்ம ஊரில் இசை பற்றி எழுதுறதுக்கென்று ரெண்டு அகராதி புழங்குது. ஒண்ணில் ஞானம், நுணுக்கம், மனோதர்மம், இலக்கணம், பாடாந்தரம், சாதகம், தெய்வீகம். இன்னொண்ணில் மண்வாசனை, எளிமை, துள்ளல், ஆவேசம், உணர்ச்சி, வெள்ளந்தி. முதல் அகராதி சபாக்காரர்களுக்கு. ரெண்டாவது நமக்கு. அவங்க பாடினால் அது உழைச்சுப் பெற்ற கல்வி. நாம அடிச்சா அது ரத்தத்தில ஊறினது, தானா வந்தது, மண்ணிலிருந்து முளைச்சது. பாராட்டு மாதிரிதான் தெரியும். கொஞ்சம் உரசிப் பார்த்தால் உள்ளே இருக்கிற கணக்கு புரியும்: உனக்கு உடம்பு இருக்கு, மூளை இல்லை. 1976ல் 'அன்னக்கிளி' வந்ததிலிருந்து இளையராஜாவைப் பற்றி வந்த எழுத்துகளை எடுத்துப் பாருங்க. மேற்கத்திய இசையின் எதிரிசை விதிகளை முறையாகப் படிச்சு, இசைக்குறிப்பைத் தானே கைப்பட எழுதிக் கொடுத்து வேலை வாங்கினவருக்கும் 'மண்வாசனை' என்ற சொல் எத்தனை இடத்தில ஒட்டிக் கிடக்குது என்று எண்ணிப் பார்க்கலாம்.

இந்த அடுக்கு இன்றைக்கு வந்ததில்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை வரிசைப்படுத்துறப்போ தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவையோட பறையையும் சேர்த்துச் சொல்லுது. எந்த நிலமும் பறை இல்லாம இல்லை. உரைகாரர்கள் குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று பிரிச்சுச் சொல்றாங்க. புறநானூற்றின் 335ஆம் பாட்டு துடியன், பாணன், பறையன், கடம்பன் என்ற நாலு குடியைப் பெருமையாகச் சொல்லுது. இதையெல்லாம் நம்ம பிள்ளைகள் மனப்பாடம் பண்ணித் தேர்வில் எழுதுறாங்க. ஆனால் சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதின அடியார்க்குநல்லார் காலத்துக்கு வந்தால் கதை மாறுது. அரங்கேற்று காதை உரையில் அவர் தோற்கருவிகளை வரிசை கட்டுறார். மத்தளம், இடக்கை, குடமுழா போன்றவை அகமுழவு. தண்ணுமை, தக்கை போன்றவை அகப்புறமுழவு. கணப்பறை முதலானவை புறமுழவு. சாவுக்கு அடிக்கிற நெய்தற்பறை புறப்புறமுழவு. உத்தமம், மத்திமம், அதமம் என்ற தரமும் கூடவே வருது. அகம், அகப்புறம், புறம், புறப்புறம்! நம்ம ஊர் வரைபடத்தை எடுத்து இதுக்குப் பக்கத்தில வச்சுப் பாருங்க. கோயில், அதைச் சுத்தித் தெருக்கள், ஊர் எல்லை, எல்லைக்கு அந்தாண்ட சேரி. மனுசனை எங்கே நிறுத்தினானோ அங்கேயே அவன் கையிலிருந்த கருவியையும் நிறுத்தியிருக்கான். உ.வே.சாமிநாதையர் 1892ல் இந்த உரையைப் பதிப்பிச்சது பெரிய காரியம். அதை வகுப்பில் நடத்துகிற நாம இந்த வரிசையில் நின்னு ஒரு கேள்வி கேட்காம, தோற்கருவிகளின் எண்ணிக்கையை மட்டும் கேட்டு மதிப்பெண் போடுறோம்.

பின்னால் வந்த தமிழிசை இயக்கமும் இந்த வரிசையில் கை வைக்கலை. 1943ல் தமிழ் இசைச் சங்கம் உருவானது. கச்சேரியில் தமிழ்ப் பாட்டு வேணும் என்று கேட்டது நியாயமான கேள்வி. தெலுங்குக்கும் வடமொழிக்கும் இருந்த இடம் தமிழுக்கு ஏன் இல்லை என்றுதான் அது கேட்டது. மத்தளத்துக்கு இருக்கிற இடம் பறைக்கு ஏன் இல்லை என்பது அதன் கேள்வியா இல்லை. பாட்டின் மொழி மாறினால் போதும், மேடையின் படிக்கட்டு அப்படியே இருக்கலாம் என்று இருந்துவிட்டது.

ஆங்கில வகுப்பில் இன்னொரு கூத்து நடக்குது. 'பரையா' என்றொரு ஆங்கிலச் சொல். ஒதுக்கி வைக்கப்பட்டவன் என்று பொருள். நாடுகளைத் திட்டக்கூட அதைப் பயன்படுத்துறாங்க. நம்ம பிள்ளைகள் அந்தச் சொல்லுக்கு நேரே பொருள் எழுதி மனப்பாடம் பண்ணுறாங்க. அது எங்கிருந்து போனது? பறையன் என்ற சொல்லிலிருந்து. பறையன் எதிலிருந்து? பறையிலிருந்து. ஒரு இசைக்கருவியின் பேர் சாதியின் பேராகி, கப்பலேறிப் போய் உலகத்துக்கே வசைச்சொல்லா மாறியிருக்கு. அந்தப் பேரையே 1893ல் தன் பத்திரிகைக்கு வச்சுத் தலை நிமிர்ந்தவர் இரட்டைமலை சீனிவாசன். சொல்லை வசையா ஆக்கினவன் எழுதித்தான் ஆக்கினான். அதை மீட்கிற வேலையும் எழுத்திலதான் நடக்கணும் என்று நூறு வருசத்துக்கு முன்னாலேயே நம்மவர்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

சரி, வகுப்பில் என்ன செய்யலாம்? நான் சில வருசமாச் செஞ்சு பார்க்கிற முறையை இங்கே வைக்கிறேன். மத்த ஆசிரியத் தோழர்களும் செஞ்சு பார்த்துச் சொல்லணும்.

கட்டுரையை மூணு தடவை எழுதச் சொல்கிறேன். முதல் தடவை காதில் விழுந்தது மட்டும். சில சொற்களுக்குத் தடை: இனிமை, இனிய, தெய்வீகம், மண்வாசனை, ஆவேசம், அதிர்ந்தது, முழங்கியது. இந்த ஏழு சொல்லையும் எடுத்துட்டா முதல் நாள் வகுப்பே ஊமையாகிடும். பேனாவை வச்சுக்கிட்டு முழிப்பாங்க. மெல்ல மெல்ல வேற சொற்கள் வரும். எது முதல்ல கேட்டது? தூரத்திலயா பக்கத்திலயா? எத்தனை பேர் அடிச்சாங்க? ஒரே மாதிரி அடிச்சாங்களா, ஒருத்தர் விட்டதை இன்னொருத்தர் பிடிச்சாரா? எங்கே வேகம் கூடினது, யார் கண்ணைக் காட்டி வேகத்தைக் கூட்டினது? எங்கே நிறுத்தினாங்க? இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதினாலே ரெண்டு பக்கம் வந்துவிடும். அந்த ரெண்டு பக்கத்திலயும் ஒரு பசுமாடும் பால் கறக்காது.

ரெண்டாவது தடவை கருவியையும் கையையும் எழுதணும். பறையின் சட்டம் எந்த மரம்? பெரும்பாலும் வேம்பு. வளைவான மூணு துண்டுகளை இரும்புப் பட்டை வச்சு வட்டமாச் சேர்க்கிறாங்க. மேலே மாட்டுத்தோல். ஒட்டுறதுக்குப் புளியங்கொட்டைப் பசை. ஒரு கையில் தடிச்ச, குட்டையான அடிக்குச்சி. இன்னொரு கையில் மூங்கிலில் சீவின நீளமான, மெல்லிய சிண்டுக்குச்சி. அடிக்குச்சி விழுந்தால் கனத்த சத்தம். சிண்டுக்குச்சி விழுந்தால் கூரான, மெலிஞ்ச சத்தம். ரெண்டும் சேர்ந்து விழுந்தால் மூணாவது ஒரு சத்தம். இந்த மூணை வச்சுத்தான் ஒத்தையடி, டப்பா அடி, சாமிச்சாட்டு அடி, மாரடிப்பு அடி, மருள் அடி என்று இத்தனையும் கட்டியிருக்காங்க. ஊருக்கு ஊர் பேர் மாறும், அடியும் மாறும். மழைக்காலத்தில தோல் தளர்ந்து சத்தம் அமுங்கிப் போகும். தீயில காட்டினால் இறுகிச் சத்தம் மேலே ஏறும். எவ்வளவு நேரம் காட்டணும், எப்போ எடுக்கணும் என்பதை விரலால் சுண்டிப் பார்த்துக் காது முடிவு பண்ணும். கூடக் காட்டினால் தோல் கிழியும். இது சுருதி சேர்க்கிறதுதானே? தம்புராவை முறுக்கினால் சுருதி ஞானம், தோலைத் தீயில காட்டினால் வெறும் பழக்கம் என்று எந்த நியாயத்தில எழுதுறது?

வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார்: மூணு மூணா நடக்கிற அடியைத் 'திஸ்ரம்' என்று எழுதலாமா, அது அவங்க சொல்லாச்சே என்று. நல்ல கேள்வி. எழுதலாம். மூணு மூணா எண்ணுறது யாருடைய சொத்தும் இல்லை. அந்தச் சொல்லையும் கருவியா எடுத்துக்கலாம். ஆனால் அதுக்குப் பக்கத்தில உங்க ஊர் ஆட்டக்காரர் அந்த அடிக்கு என்ன பேர் சொல்றாரோ, அதையும் எழுதணும். சொல்லுக்கட்டை அவர் வாயால எப்படிச் சொல்றாரோ, அப்படியே எழுதணும். அவர் பேரைப் பின்னால அடைப்புக்குறியில போடக் கூடாது. முதல்ல அவர் சொன்ன பேர், அப்புறம் தேவைப்பட்டால் சபாக்காரர் சொன்ன பேர்.

மூணாவது தடவை கணக்கு எழுதணும். யார் அழைச்சாங்க, என்ன கொடுத்தாங்க, ஆட்டக்காரர் எங்கே நின்னார், எங்கே உட்கார்ந்தார், எதில சாப்பிட்டார். இது இசை பற்றின எழுத்தில் வராது, சமூகவியலில் வரும் என்று சொல்கிற அறிஞர்கள் உண்டு. மிருதங்கத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்க. மேடையில் பட்டுத்துணி மேல உட்கார்ந்திருக்கிற மிருதங்கத்திலயும் மாட்டுத்தோல்தான் இருக்குது. தோலைத் தேடி எடுத்து, பதம் பார்த்து, இழுத்துக் கட்டித் தருகிறவர்களில் தலித் கிறித்தவக் குடும்பங்கள் முக்கியமானவை. பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால பர்லாந்து என்கிற கைவினைஞரின் காதும் கையும் இருந்தது. அந்தக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதின புத்தகம் 2020ல் வந்தது. வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்ப வாங்கிக்கிட்டது. தோலைப் பற்றி வாசிக்கலாம், தோலில் வாசிக்கலாம், தோல் எங்கிருந்து வந்ததென்று எழுதினால் மட்டும் இடம் கிடையாது. ஆகவே அந்தக் கணக்கும் இசை எழுத்துதான். அதை விட்டுட்டு எழுதினால் பாதிதான் எழுதியிருக்கோம்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாகணும். சேரியிலிருந்து வர்ற பிள்ளையைப் பார்த்து 'நீ பறை பத்தி எழுதுப்பா, உனக்குத்தான் நல்லாத் தெரியும்' என்று ஆசிரியர் சொல்லக் கூடாது. முற்போக்கான ஆசிரியர்களே இதைச் செய்றாங்க. நல்ல எண்ணத்தில்தான் செய்றாங்க. ஆனால் அறுபது பேர் முன்னால அந்தப் பிள்ளையோட சாதியை அறிவிக்கிற தமுக்கு அது. அந்தப் பிள்ளை கானாவைப் பற்றி எழுத விரும்பலாம், சர்ச்சில் பாடுற நாலு குரல் கீர்த்தனை பற்றி எழுதலாம், கித்தார் பற்றி எழுதலாம், ஏன், தோடி ராகம் பற்றிக்கூட எழுதலாம். எழுதட்டும். எதை எழுதணும் என்பது அவர் உரிமை.

பறை பற்றி எழுதச் சொல்ல வேண்டியது ஊர்த்தெருப் பிள்ளைகளிடம். அவங்களும்தான் பிறந்ததிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்திருக்காங்க. தாத்தா செத்தப்போ வாசலில் விடிய விடிய யார் அடிச்சாங்க? பேர் என்ன? வயசு என்ன? அவரை உங்க வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிட்டாங்க? உங்க அப்பா வயசுக்காரரை நீங்க எப்படிக் கூப்பிட்டீங்க? இந்தக் கேள்விகளைக் கொடுத்துட்டு உட்கார்ந்தால் வகுப்பில் சத்தம் அடங்கிப் போகும். சிலர் ஒண்ணும் எழுதாம வெள்ளைத்தாளைக் கொடுப்பாங்க. சிலர் அடியை அருமையா எழுதியிருப்பாங்க, அடிச்சவர் பேர் மட்டும் தெரியலை என்று எழுதியிருப்பாங்க. அந்த ஒரு வரி போதும். இருபது வருசம் ஒருத்தர் கையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டும் அவர் பேர் தெரியாம வளர முடியும் என்கிறதை அந்தப் பிள்ளையே தன் கையால எழுதிப் பார்க்குது. எந்தப் பிரசங்கமும் செய்யாததை அந்த வரி செய்யும்.

பெண்பிள்ளைகளையும் சொல்லணும். கட்டுரைத் தலைப்பில் ஒப்பாரி எப்பவும் 'நாட்டுப்புறப் பாடல் வகைகள்' பட்டியலில் ஒரு வகையா மட்டும் நிற்குது. அம்மா எந்த இடத்தில மூச்சை இழுப்பாள், அழுகை எங்கே பாட்டாகுது, பாட்டு எங்கே திரும்ப அழுகையாகுது, கூடி நிற்கிறவங்க எந்தச் சொல்லில் சேர்ந்துக்கிறாங்க என்று எழுத அந்தப் பிள்ளைகளால முடியும். ஆம்பளைகள் கையில மட்டும் இருந்த பறையைத் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் 1990களிலிருந்தே தோளில மாட்டி ஆடுறாங்க. பொம்பளை கை பட்டதும் அடியில் என்ன மாறினது, ஆட்டத்தில் என்ன மாறினது? பார்த்தவங்க எழுதினால்தானே தெரியும்.

அடுத்து மொழி. 1992ல் பாமாவின் 'கருக்கு' வந்தது. சேரிப் பேச்சிலேயே ஒரு புத்தகம். அதுக்கப்புறம் பல கல்லூரிகளில் பாடமாவும் வச்சாங்க. பாடமா வச்ச அதே கல்லூரியில், அந்தப் பேச்சில ஒரு மாணவி கட்டுரை எழுதினால் சிவப்பு மையில அடிச்சு 'கொச்சை' என்று எழுதுறாங்க. இலக்கியம் எழுதினால் வட்டார வழக்கு, கட்டுரை எழுதினால் பிழை. கதைக்கு உரிமை உண்டு, கருத்துக்கு உரிமை இல்லை என்பதுதான் இதன் அர்த்தம். நம்ம மொழியில் அழலாம், நினைச்சுப் பார்க்கலாம். வாதாடக் கூடாது, அளந்து சொல்லக் கூடாது. இதை ஒத்துக்க முடியாது. பேச்சுமொழியில் இசை விமர்சனம் எழுத முடியும். அதே நேரம் தேர்வுத்தாளைத் திருத்துறவர் நம்ம ஆளா இருக்க மாட்டார் என்பதால், எழுத்துநடையையும் பிள்ளைகளுக்குக் கத்துக் கொடுத்தாகணும். ரெண்டு குச்சி பிடிக்கத் தெரிஞ்ச கைக்கு ரெண்டு நடை பெரிய பாரமில்லை.

இயக்கத்துக்குள்ளும் ஒரு விவாதம் முப்பது வருசத்துக்கு மேலா நடந்துக்கிட்டிருக்கு. பறையை விட்டொழிக்கணும், அது அடிமை வேலையின் அடையாளம் என்று ஒரு தரப்பு. பறை நம்ம கலை, விடுதலையின் கருவி என்று இன்னொரு தரப்பு. ரெண்டு பக்கமும் ரத்தம் சிந்தின அனுபவம் இருக்குது. ஊர்ச் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று சொன்னதுக்காக அடி வாங்கினவங்க, வேலை இழந்தவங்க, ஊரை விட்டே போனவங்க உண்டு. அவங்களிடம் போய் 'பறை நம்ம பெருமை' என்று பாடினால் காறித் துப்புவாங்க. மேடையில் பறை தூக்கி நிற்கிற இளைஞரிடம் 'இது இழிவு' என்று சொன்னாலும் அவர் ஒத்துக்க மாட்டார். இந்த விவாதத்தைத் தீர்த்து வைக்கிறது இந்தத் தலையங்கத்தின் வேலை இல்லை. நான் சொல்றது ஒண்ணுதான். எழுத்தில் ரெண்டு பேருக்கும் இடம் வேணும். பறையைக் கிணத்தில வீசிட்டு வந்த பெரியவருடைய அன்றைய நாளும் இசை வரலாற்றில் சேரணும். அன்னைக்கு அந்த ஊர்ச் சாவில் சத்தமில்லாம பாடை போனதை யாராவது எழுதியிருந்தால், அதைவிடப் பெரிய இசை விமர்சனம் தமிழில் இருக்க முடியாது.

நம்ம பத்திரிகை உலகத்தையும் விட்டு வைக்க முடியாது. அட்டையில் பறை, கவிதையில் பறை, சுவரொட்டியில் பறை. 'பறை முழங்கட்டும்', 'பறை அதிரட்டும்' என்று எத்தனை தலைப்பு! முழங்கினது எந்த அடி என்று கேட்டால் பதில் இல்லை. பறை ஒரு சின்னமா மாறிப்போனது. சின்னத்தைப் பார்க்கக் கண்ணு போதும், காது வேண்டாம். ஆட்டக்காரரைக் கூப்பிட்டு மாநாட்டு வாசலில் நிறுத்தி, தலைவர் வந்ததும் நிறுத்தச் சொல்லிட்டு, பேச்சு ஆரம்பிச்சதும் அவரை மறந்துடுறோம். ஊர்க்காரன் செய்றதுக்கும் இதுக்கும் தூரம் அதிகமில்லை.

இதை இப்போ ஏன் சொல்லணும்? மேடை வந்துவிட்டது. 2018 சனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பாடினது. 2020லிருந்து 'மார்கழியில் மக்களிசை' நடக்குது. சபாக்களின் மாசத்திலேயே கானாவும் ஒப்பாரியும் பறையும் மேடை ஏறினது. 2025ல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிச்சாங்க. கல்லூரி விழாவில் பறை, நகரத்துக் கல்யாணத்தில் பறை, சனி ஞாயிறு பயிற்சி வகுப்பில் பறை. சந்தோசம்தான். ஆனால் கூடவே ஒரு புதுப் பேச்சும் வந்திருக்கு. 'ஆதித் தமிழர் இசை', 'தமிழர் அனைவருக்கும் பொதுவான கருவி.' பொதுவானது என்றால் எல்லார் வீட்டுச் சாவுக்கும் எல்லாரும்தானே அடிச்சிருக்கணும்? கருவியின் பேர் இருக்கும், அதைச் சுமந்தவன் பேர் கழுவப்பட்டுப் போகும். இன்னும் இருபது வருசத்தில் பறைக்கும் ஒரு பாடநூல் வரும், இலக்கணம் வரும், பட்டயப் படிப்பு வரும், பாட்டனாருக்குத் தெரிஞ்ச அடியை 'தவறான வாசிப்பு' என்று திருத்துகிற தேர்வாளர் வருவார். அந்தப் பாடநூலை எழுதப் போவது யார்? பேனா யார் கையில இருக்கோ அவங்க. அடியார்க்குநல்லார் காலத்தில் வரிசை போட்டவர் கையில பேனா இருந்தது, நம்ம கையில குச்சி மட்டும் இருந்தது. இந்தத் தடவை ரெண்டும் நம்ம கையில இருக்கு.

ஆகவே தோழர்களே, அடுத்த இதழிலிருந்து இந்தப் பத்திரிகையில் ரெண்டு பக்கம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒதுக்குறோம். நீங்க கேட்ட ஒரு அடி, ஒரு பாட்டு, ஒரு கருவி, ஒரு ஆட்டக்காரர். எந்தச் சாதிப் பிள்ளையும் எழுதலாம். எந்த நடையிலும் எழுதலாம். மேலே சொன்ன ஏழு சொல்லும் வரக் கூடாது. ஆட்டக்காரரைப் பற்றி எழுதினால், எழுதினதை அவரிடம் வாசிச்சுக் காட்டிட்டு, அவர் திருத்தம் சொன்னால் திருத்திட்டு, அவர் பேரைப் போட அவர் சம்மதிச்சால் பேரோட அனுப்பணும். சம்மதிக்கலை என்றால் ஏன் சம்மதிக்கலை என்று அவர் சொன்னதை எழுதி அனுப்புங்க. அதையும் போடுவோம்.